கேசவன் என்னும் திருநாமம்: இடுவதும் அழைப்பதும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருமொழி, பிள்ளைகளுக்குப் பெயரிடும் முறையைப் பற்றியது. எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாடியவரும், யசோதையின் பாவனையில் கண்ணனைத் தாலாட்டியும் நீராட்டியும் பூச்சூட்டியும் அநுபவித்தவருமான ஆழ்வார், இத்திருமொழியில் ஸம்ஸாரிகளான நம் வீட்டுத் தொட்டிலருகே எழுந்தருளுகிறார். குழந்தைக்கு என்ன பெயரிடப் போகிறீர்கள் என்று கேட்கிறார். நாம் விடை சொல்லுவதற்கு முன்பே, இடவேண்டிய பெயரைத் தாமே எடுத்துக் கொடுக்கிறார். பத்துப் பாசுரங்களில் ஸ்ரீதரன், மாதவன், கோவிந்தன், தாமோதரன் என்று திருநாமங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் முதற்பாசுரத்தில் முதன்முதலாக அவர் எடுத்துக் கொடுப்பது கேசவன் என்னும் திருநாமம்.

கேசவன் என்ற பெயர் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருவது. பாட்டனார் கேசவன், பேரன் கேசவன் என்று மாறி மாறி வரும். பாட்டனாரின் பெயரைத் தாங்குவதாலன்றோ ‘பெயரன்’ என்ற சொல் பேரன் என்றாயிற்று! ஆயினும் அண்மைக் காலத்தில் இப்பெயரை இடுவோர் அருகி வருகின்றனர். “பழைய பெயர்”, “வெளிநாட்டுப் பள்ளியில் ஆசிரியருக்கு வாயில் நுழையாது” என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆகவே இப்பெயரின் பொருள் யாது, அது எங்கிருந்து வந்தது, அதைப் பிள்ளைக்கு இடுவதில் ஆழ்வாருக்கு இத்தனை ஊற்றம் ஏன் என்பவற்றை ஆசார்யர்கள் காட்டிய வழியில் சிறிது அநுபவிப்போம்.

திருக்குழல் அழகன்

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் கேசவ: என்ற திருநாமம் இரண்டு இடங்களில் வருகிறது. முதலில் 23ஆவது திருநாமமாகவும், பின்பு 648ஆவது திருநாமமாகவும் அதை ஓதுகிறோம். முதலில் வரும் இடத்தின் முன்பின்னைக் கவனிக்க வேண்டும். 21ஆவது திருநாமம் நரஸிம்ஹவபு:, 22ஆவது ஸ்ரீமாந், 23ஆவது கேசவ:, 24ஆவது புருஷோத்தம:. சிங்கமும் மனிதனுமாகக் கலந்த திருமேனி என்றவுடன், அது காண அச்சமாக இருக்குமோ என்று கேட்பவன் நெஞ்சில் ஐயம் எழும். அந்த ஐயம் எழுமுன்பே ‘அழகுடையவன்’ என்று அடுத்த திருநாமம் சொல்லுகிறது. அந்த அழகு எங்கே விளங்குகிறது என்றால், கேசவன் என்று திருக்குழலைக் காட்டுகிறது அதற்கடுத்த திருநாமம். பகவத்குண தர்ப்பணம் என்னும் தம்முடைய பாஷ்யத்தில் ஸ்ரீபராசர பட்டர் இத்திருநாமத்துக்குக் கொண்டாடத்தக்க திருக்குழல்களை உடையவன் என்றே பொருள் அருளிச்செய்கிறார்.

இதற்கு வ்யாகரணத்தின் துணையும் உண்டு. கேசம் என்ற சொல்லின் மேல் ‘வ’ என்னும் விகுதி உடைமைப் பொருளில் விருப்பமாக வரலாம் என்று பாணினியின் அஷ்டாத்யாயியில் ஐந்தாம் அத்யாயத்தில் ஒரு ஸூத்ரமே இருக்கிறது. குழலுடையவர் எல்லாரையும் அச்சொல் குறிக்கலாமே என்றால், உடைமையைச் சொல்லும் விகுதி சிறப்பையும் மிகுதியையும் சொல்லும் என்பது பெரியோர் வழக்கு. செல்வன் என்றால் காசு ஒன்று வைத்திருப்பவனை நாம் நினைப்பதில்லை அன்றோ? அதுபோல, குழலுடையவன் என்று சொன்ன மாத்திரத்தில் நெஞ்சில் வந்து நிற்கும்படியான குழலழகு எவனுக்கு உண்டோ, அவனே கேசவன். யசோதையின் பாவனையில் அக்குழலை வாரி முடிக்கக் காக்கையை அழைத்துப் பாடிய பெரியாழ்வாருக்குப் பிள்ளைப் பெயர் என்றவுடன் இத்திருநாமம் முதலில் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

கேசியை முடித்தவன்

இரண்டாவது பொருள், கண்ணனின் பிள்ளைப்பருவச் செயல் ஒன்றிலிருந்து வருவது. கம்ஸனால் ஏவப்பட்ட கேசி என்னும் அஸுரன் குதிரை வடிவில் வ்ருந்தாவனத்தில் புகுந்தான். அவன் குளம்படியில் நிலம் அதிர்ந்தது. ஆயரும் ஆய்ச்சியரும் அஞ்சிக் கண்ணனைச் சரணமாகப் பற்றினர். வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்த அக்குதிரையின் வாயினுள்ளே கண்ணன் தன் திருக்கையைக் கொடுத்தான். கை உள்ளே பருத்தது, பற்கள் உதிர்ந்தன, குதிரையின் உடல் இரு கூறாயிற்று. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஐந்தாம் அம்சத்தில் பதினாறாம் அத்யாயம் இச்சரிதத்தைச் சொல்லுகிறது. யமுனைக் கரையில் கேசி காட் என்னும் படித்துறை இன்றும் இதை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

குதிரை விழுந்தபின் ஆகாசத்தில் நின்ற நாரதர் மகிழ்ந்து, கேசியைக் கொன்றபடியால் உலகில் நீ கேசவன் என்று பெயர் பெறுவாய் என்றார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்பெருமானுக்குச் செயல் முதலில் வந்தது, பெயர் பின்பு வந்தது. நமக்கோ பெயர் முதலில் வருகிறது, அதற்குத் தகுந்த செயலுக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது. பதினோராம் நாளில் புண்யாஹவாசனம் செய்து, பரப்பிய அரிசியில் எழுதி, குழந்தையின் வலச்செவியில் தந்தை சொல்லும் பெயர், அந்தக் குழந்தை செய்து முடித்த எதற்கும் கிடைத்த பட்டம் அன்று. இன்னாருடைய உடைமை இது என்று இட்ட அடையாளம் அது.

ஆண்டாளும் இத்திருநாமத்தைத் திருப்பாவையில் இரண்டு இடங்களில் எடுக்கிறாள். ஏழாம் பாட்டில், வெளியே கேசவனைப் பாடுகிறோம், நீ கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறாயே என்று உள்ளே கிடக்கும் பெண்பிள்ளையைக் கேட்கிறாள். அடுத்த எட்டாம் பாட்டிலேயே குதிரையின் வாயைப் பிளந்த செயலைச் சொல்லுகிறாள். பெயர் ஒரு பாட்டில், அப்பெயருக்குக் காரணமான செயல் அடுத்த பாட்டில். பின்பு முப்பதாம் பாட்டில், பாற்கடல் கடைந்த சரிதத்தோடு மாதவன், கேசவன் என்று இரு திருநாமங்களையும் சேர்த்து வைக்கிறாள். கடல் கடைந்தபோது அலைந்த திருக்குழலின் அழகைக் காட்டுகிறது இது என்று பெரியோர் அநுபவிப்பர். பிள்ளைகளுக்குக் கேசவன் என்று பெயரிடுங்கள் என்று தந்தையார் உலகத்தாருக்குச் சொன்னார். அவருடைய திருமகளோ தன் பிரபந்தத்தின் சாற்றுமுறைப் பாட்டிலே அத்திருநாமத்தை வைத்து, தன்னைப் பட்டர்பிரானுடைய கோதை என்று சொல்லிக்கொண்டாள். தகப்பனார் வார்த்தையைப் பெண் காத்தபடி இது.

பிரமனுக்கும் ஈசனுக்கும் பிறப்பிடம்

மூன்றாவது பொருள் எம்பெருமானின் பரத்வத்தைச் சொல்லுவது. ஹரிவம்சத்தில் கண்ணன் கைலாஸத்துக்கு எழுந்தருளிய சரிதத்தில், ருத்ரன் தானே இத்திருநாமத்துக்குப் பொருள் சொல்லுகிறான். ‘க’ என்பது பிரமனின் பெயர், ஈசன் என்பது தன் பெயர், தாங்கள் இருவரும் எம்பெருமானின் திருமேனியிலிருந்து தோன்றியவர்கள் ஆகையால் அவனுக்குக் கேசவன் என்று திருநாமம் என்பது அவன் வார்த்தையின் கருத்து. எம்பெருமானின் அடியார் சொன்னால் பக்ஷபாதம் என்பார்கள். ஈசன் தானே சொன்னபடியால் நம் ஆசார்யர்கள் இந்த நிர்வசனத்தைப் பெரிதும் ஆதரித்தார்கள். மஹாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் நாராயணீயப் பகுதி வேறொரு பொருளையும் சொல்லுகிறது. ஸூர்ய சந்த்ராதிகளில் விளங்கும் கிரணங்கள் எம்பெருமானுக்குக் கேசங்களாகச் சொல்லப்படுவதால் அவன் கேசவன் என்பது அது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அழகு விளங்கும். குழலழகு என்ற பொருள், கிட்டி நின்று காண்பவர்க்கு உரியது. கேசியை முடித்தது, அஞ்சியவர்க்கு அரணானது. பிரமனும் ஈசனும் அவனிடத்தில் பிறந்தார்கள் என்பது, அண்ணாந்து பார்த்தும் காணமுடியாத மேன்மை. ஸௌலப்யமும் பரத்வமும் ஒரே சொல்லில், மூன்றே எழுத்தில் அடங்கியிருக்கின்றன. எல்லாருக்கும் மேலானவன் என்றால் கிட்ட அஞ்சுவோம். எளியவன் என்று மாத்திரம் சொன்னால் காக்க வல்லவனோ என்று ஐயுறுவோம். இரண்டு குறையும் இல்லாத பெயர் இது. ஸ்ரீகீதையில் அர்ஜுநன் தன் கலக்கத்தைச் சொல்லும் இடத்திலும், இரண்டாம் அத்யாயத்தில் ஸ்திதப்ரஜ்ஞனின் இலக்கணத்தைக் கேட்கும் இடத்திலும், மூன்றாம் அத்யாயத் தொடக்கத்தில் கொடிய செயலில் ஏன் ஏவுகிறாய் என்று முறையிடும் இடத்திலும் “கேசவா” என்றே விளிக்கிறான். தேரோட்டும் தோழனாகையால் முறையிட முடிந்தது. ஸர்வேச்வரனாகையால் முறையீட்டுக்கு விடை கிடைத்தது.

தமிழில் நாம் கேசவன் என்று ஆண்பால் விகுதி சேர்த்து வழங்குகிறோம். ஆனால் பிள்ளையைக் கூப்பிடும்போது அவ்விகுதி தானே நழுவிக் “கேசவா” என்று நிற்கிறது. போர்க்களத்தில் அர்ஜுநன் வாயில் வந்த விளியும், பள்ளிக்கு நேரமாயிற்று என்று அடுக்களையிலிருந்து ஒரு தாய் கூப்பிடும் விளியும் ஒன்றாகிவிடுகின்றன.

பன்னிரண்டில் முதல்வன்

கேசவன் தொடங்கித் தாமோதரன் ஈறாக உள்ள த்வாதச நாமங்களில் இதுவே முதலாவது. ஆசமனத்தின்போது அச்யுத, அநந்த, கோவிந்த நாமங்களைச் சொல்லித் தீர்த்தம் உட்கொண்டபின், கேசவா என்று சொல்லிக் கட்டைவிரலால் வலக்கன்னத்தைத் தொடுகிறோம். பன்னிரண்டு திருமண் காப்புத் தரிக்கும்போது நெற்றியில் இடும் முதல் திருமண்ணுக்கு உரிய மூர்த்தி கேசவன். பொன்னிறத்தவனாய், நான்கு சக்ரங்களை ஏந்தியவனாய் அவனை த்யானிப்பது முறை. மாதங்களில் மார்கழிக்கு அதிபதியும் அவனே. நம்மாழ்வார் திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் ஏழாம் திருவாய்மொழியைப் பன்னிரு நாமப் பாட்டாக அருளிச்செய்தபோதும், ஸ்வாமி தேசிகன் பன்னிரு திருநாமம் என்னும் பிரபந்தத்தை அருளிச்செய்தபோதும் இவ்வரிசையையே கொண்டார்கள்.

நம்மாழ்வாரின் அந்தத் திருவாய்மொழியில் முதற்பாட்டின் பொருளை நாம் மறக்கலாகாது. தமக்கு எம்பெருமான் செய்த அருள் தம்மோடு நில்லாமல், தம்மைச் சேர்ந்தவர்களுக்குக் கீழும் மேலும் ஏழேழு பிறவிகள் வரை சென்று அவர்களைக் கேசவனுடையவர்களாக ஆக்கிவிட்டதே என்று ஆழ்வார் வியக்கிறார். கேசவன் என்ற திருநாமத்தை, தம் குடியின் முன்னும் பின்னும் ஓடும் உறவுச் சங்கிலியோடு சேர்த்து ஆழ்வார் அநுபவித்த இடம் அது. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுடைய நமக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது?

இப்பெயர் எம்பெருமானார் திருவவதாரத்தோடும் தொடர்புடையது. ஸ்ரீபெரும்பூதூரில் எழுந்தருளியிருக்கும் பெருமாள் ஆதிகேசவப் பெருமாள். அவ்வூரில் வாழ்ந்த ஆஸூரி கேசவ ஸோமயாஜியார், திருவல்லிக்கேணியில் பார்த்தஸாரதிப் பெருமாள் ஸந்நிதியில் வேள்வி செய்து வேண்டிக்கொள்ள, 1017ஆம் ஆண்டு பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில் காந்திமதி அம்மையார் திருவயிற்றில் எம்பெருமானார் அவதரித்தார். அம்மானான பெரிய திருமலை நம்பி எழுந்தருளி, குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு, இளையாழ்வார் என்று திருநாமம் சாற்றினார். கூரத்தாழ்வான் அவதரித்த கூரத்திலும் ஆதிகேசவப் பெருமாளே. பேயாழ்வார் அவதரித்த திருமயிலையிலும் ஆதிகேசவப் பெருமாளே. திருவாட்டாற்றில் சயனத் திருக்கோலத்தில் நம்மாழ்வாரின் பாடல் பெற்றவனும் ஆதிகேசவனே. ஊர்ப் பெருமாளின் திருநாமத்தைப் பிள்ளைக்கு இடுவது அக்காலத்து வழக்கம். பெருமாள் கோயிலிலும், அவன் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் தெருவிலுமாக, ஊரெங்கும் அத்திருநாமம் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஆழ்வார் ஏன் தாயிடம் பேசுகிறார்?

இனி ஆழ்வாரின் திருமொழிக்கு வருவோம். பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்த பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லுப்தமாகிப் போக, மணவாள மாமுனிகள் அக்குறையைத் தீர்த்து அருளிய வ்யாக்யானமே இத்திருமொழிக்கு நமக்குக் கிடைத்துள்ளது. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு, கொடுக்கவல்ல மனிதர்களின் பெயரைப் பிள்ளைக்கு இடுகிறீர்களே என்று ஆழ்வார் முதற்பாட்டில் இரங்குகிறார். மனிதரின் பெயர் மனிதரோடு மண்ணாய்ப் போகும், நாலு நாளில் மறைந்து போகும் என்கிறார். எம்பெருமானின் திருநாமத்தை இட்டவளுக்கோ நரகவாசம் இல்லை என்று பாட்டுத்தோறும் சொல்லி, அவளை நாரணனுக்கே தாய் என்று கொண்டாடுகிறார்.

பெயரை இடுகிறவர் தந்தை. ஆனால் பலனைத் தாய்க்குச் சொல்லுகிறார் ஆழ்வார். காரணம் எளிது. ஒரு குழந்தையின் பெயரை ஒரு நாளில் மிகுதியாகச் சொல்லுகிறவள் தாய். எழுப்பும்போது, நீராட்டும்போது, ஊட்டும்போது, தெருவில் ஓடினால் பதறும்போது, உறங்கவைக்கும்போது என்று எத்தனை முறை கூப்பிடுகிறாள்! ஜபம் செய்ய அவளுக்குப் பொழுது இல்லை. கையில் ஜபமாலை பிடிக்க இடம் இல்லை. பிள்ளைக்குக் கேசவன் என்று பெயரிட்டுவிட்டால், அவள் வேலை எதுவும் தடைப்படாமலேயே திருநாமம் அவள் நாவில் வந்துவிடுகிறது. பெயரிடும் சடங்கு அரை நாழிகையில் முடிவது. கூப்பிடுவதோ ஆயுள் முழுவதும் நடப்பது. ஆழ்வாரின் நோக்கு முழுவதும் கூப்பிடுவதில்தான் இருக்கிறது.

“பிள்ளையை நினைத்துக் கூப்பிட்டால் அது திருநாமம் சொன்னதாகுமா?” என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை ஸ்ரீபாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் இருக்கிறது. கந்யாகுப்ஜத்தைச் சேர்ந்த அஜாமிளன் ஒழுக்கம் தவறி 88 ஆண்டுகளைக் கழித்தான். அவனுக்குப் பத்துப் பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயர். உயிர் பிரியும் நேரத்தில் யமதூதர்களைக் கண்டு நடுங்கி, தொலைவில் விளையாடிக்கொண்டிருந்த அப்பிள்ளையை உரக்கக் கூப்பிட்டான். கூப்பிட்டது பிள்ளையை. வந்தவர்களோ விஷ்ணுதூதர்கள். வேறொருவரைக் குறித்தாலும், விளையாட்டாகச் சொன்னாலும், பாட்டின் இடையே இட்டு நிரப்பினாலும், இகழ்ச்சியாகச் சொன்னாலும்கூடத் திருநாமம் பாவத்தைப் போக்கும் என்பது அங்கே சொல்லப்படும் முடிவு. நெருப்பென்று அறியாமல் தொட்டாலும் நெருப்புச் சுடும் அன்றோ? மேலும், அன்றே அவன் கதை முடிந்துவிடவில்லை. அவன் பிழைத்தெழுந்து, மனம் வருந்தி, கங்காத்வாரத்துக்குச் சென்று எம்பெருமானை உபாஸித்த பின்பே நற்கதி அடைந்தான். திருநாமம் அவனுக்குத் திருந்துவதற்கு ஒரு வாழ்நாளை மீட்டுக் கொடுத்தது.

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இதன் உள்ளர்த்தத்தைக் காட்டுகிறார். ஜீவனை எப்படியாவது கைக்கொள்ள வேண்டும் என்று எம்பெருமான் வழி தேடுகிறான். என் ஊரைச் சொன்னாய், என் பேரைச் சொன்னாய், என் அடியாருக்கு ஒதுங்க நிழல் கொடுத்தாய் என்று, அவன் அறியாமல் நிகழ்ந்தவற்றையெல்லாம் ஸுக்ருதங்களாக ஏறிட்டுக்கொள்ளுகிறான் என்கிறார். வங்கிப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த நமக்கு இந்த இடம் எப்போதும் வியப்பைத் தருவது. செலுத்தாத தொகையை ஒருவர் கணக்கில் வரவு வைக்க எந்தப் பேரேட்டிலும் வழி இல்லை. அவனுடைய பேரேட்டில் மாத்திரம், நாம் செலுத்தியதாக நமக்கே தெரியாதவை வரவாக ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒரு தாய் “கேசவா, பால் ஆறிப்போகிறது, வா” என்கிறாள். என் பேரைச் சொன்னாள் என்று அங்கே வரவு எழுதப்படுகிறது.

பெயர் இருக்கிறது, அழைப்பு இருக்கிறதா?

இவ்வளவும் அறிந்தபின் நம் நிலையைப் பார்ப்போம். முற்காலத்திலும் ஒரு தடை இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்ற வழக்கம் நம் வீடுகளில் உறுதியாக இருந்தது. பாட்டனார் கேசவன் என்றால் பேரனுக்கும் அதே பெயர். ஆகவே பெற்ற தாயே பிள்ளையைக் கேசவா என்று அழைக்க முடியாமல், அம்பி என்றும் ராஜா என்றும் அழைத்து வந்தாள். பெரியோரிடத்தில் வைத்த மரியாதையால் வந்த வழக்கம் அது. எனினும் ஆழ்வார் எந்தத் தாயின் நாவில் திருநாமத்தை வைக்க விரும்பினாரோ, அவள் நாவு மாத்திரம் அதை இழந்து நின்றது. இன்று அந்தத் தடை ஏறக்குறைய நீங்கிவிட்டது. எந்த மாமனாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. முன்னோருக்கு இல்லாத ஒரு வசதியை இக்காலம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் கிடைத்ததை வேறு வழியில் இழக்கிறோம். பதிவேட்டில் கேசவன் என்று முழுமையாக எழுதிவிட்டு, வீட்டில் “கேஷ்” என்று சுருக்குகிறோம். அச்சொல்லைக் கேட்டால் பெருமாள் நினைவு வருவதில்லை, வங்கிக் கல்லாவில் இருக்கும் ரொக்கம்தான் நினைவுக்கு வருகிறது! காசுக்கு ஆசைப்பட்டு மனிதப் பெயர் இடுகிறீர்களே என்று ஆழ்வார் இரங்கினார். நாமோ ஆழ்வார் கொடுத்த திருநாமத்தையே இட்டு, அதைக் காசாக மாற்றிக் கூப்பிடுகிறோம். தந்தை பெயராக இருந்தால் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தாக்கி ஒரு புள்ளி வைத்துவிடுகிறோம். எத்தனை கணக்குப் படிவங்களில் கேசவனும் கோவிந்தனும் நாராயணனும் ஓரெழுத்தாய் ஒடுங்கி நிற்பதைக் கண்டிருக்கிறோம்! அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று மூன்றாம் தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

கடல் கடந்து வாழும் அடியார்கள் இவ்விஷயத்தில் ஒருவகையில் பாக்யசாலிகள். அங்கே கடவுச்சீட்டிலும் பள்ளிப் பதிவிலும் முதலெழுத்து செல்லாது. தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராக நின்றுவிடுகிறது. ஆகவே எங்கோ ஒரு குளிர்நாட்டு வகுப்பறையில், எம்பெருமானை அறியாத ஓர் ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கேசவன் என்று நாள்தோறும் படிக்கிறாள். யாரையோ குறித்துச் சொன்னாலும் பலன் உண்டு என்றபின், அந்த ஆசிரியையின் கணக்கிலும் வரவு ஏறாது என்று யார் சொல்ல முடியும்? வாயில் நுழையாத பெயர் என்ற அச்சத்துக்கும் இடம் இல்லை. கேசவ என்பதில் மூன்றே எழுத்துகள். பிறமொழியாளர் தடுமாறும் ழகரமும் இல்லை, இரட்டித்த மெய்யும் இல்லை. ஓரிரு முறை சொல்லிக் கொடுத்தால் எந்த நாட்டவர் நாவுக்கும் பழகிவிடும்.

“திருநாமத்தைத் தாங்கியவன் தவறான வழியில் நடந்தால் திருநாமத்துக்கு இழுக்காகாதா? கோபத்தில் அப்பெயரைச் சொல்லித் திட்டினால் அபசாரம் ஆகாதா?” என்றும் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. கங்கையில் அழுக்கான துணியைத் தோய்த்தால் துணி வெளுக்கும், கங்கை அழுக்காகாது. இதே திருமொழியில் ஆழ்வார், அசுத்தமான குழியில் அமுதம் பாய்வதை உவமையாகச் சொல்லி, சிறுநீரில் புரளும் உங்கள் பிள்ளைக்கு என் முகில்வண்ணன் பெயரை இடுங்கள் என்கிறார். தகுதி பார்த்துப் பெயரிடச் சொல்லவில்லை. தகுதியற்ற இடத்தில் பாயவே அமுதம் வருகிறது என்கிறார். ஆனால் நம் வீட்டுப் பெரியோர்கள், கடிந்துகொள்ள வேண்டியிருந்தால் திருநாமத்தைச் சொல்லாமல் “அடே பயலே” என்று கடிந்துகொள்வார்கள். அன்புக்குத் திருநாமம், கோபத்துக்கு வேறு சொல் என்ற அந்த மரபைக் காப்பது நமக்கும் நல்லது.

இரண்டு பெயர்கள்

ஸ்ரீவைஷ்ணவனுக்குப் பெயர் இரண்டு. பெற்றோர் இடும் பெயர் ஒன்று. பஞ்ச ஸம்ஸ்காரத்தில் தாபம், புண்ட்ரம் ஆகியவற்றுக்குப் பின் மூன்றாவதாக ஆசார்யன் இடும் ராமாநுஜ தாஸன் என்னும் பெயர் மற்றொன்று. கேசவன் என்ற பெயருடையவர் ஆசார்யன் திருவடிகளை ஆச்ரயிக்கும்போது ஓர் அழகிய பொருத்தம் நேருகிறது. எம்பெருமானாரின் திருத்தகப்பனார் பெயரைத் தாங்கிய ஒருவர், அத்தகப்பனார் பெற்ற திருக்குமாரருக்கு அடிமையாகிறார். முதற்பெயர் அவர் யாருடைய உடைமை என்று சொல்லுகிறது. இரண்டாம் பெயர் அந்த உடைமை யார் வழியாக அவனிடம் சேர்ந்தது என்று சொல்லுகிறது. கேசவன் என்று நெற்றியில் திருமண் இட்டுக்கொள்ளும்போதும், ராமாநுஜ தாஸன் என்று தண்டனிடும்போதும் நாம் சொல்லுவது ஒரே செய்தியைத்தான்.

ஆகவே நாம் அடியார்களிடம் விண்ணப்பிப்பது இரண்டு. பேரனோ பிள்ளையோ பிறந்து பெயர் தேடும் வீடுகளில், புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன் பெரியாழ்வாரின் இந்தப் பத்துப் பாசுரங்களையும் ஒருமுறை ஸேவித்துவிடுங்கள். அதில் இல்லாத பெயரைத் தேட மனம் வராது. கேசவன் முதலான திருநாமங்களை ஏற்கெனவே தாங்கியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், நாளில் ஒருமுறையாவது சுருக்காமல் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். தொலைபேசியில் பேசும்போதாயினும் “கேசவா, சௌக்கியமா?” என்று தொடங்குங்கள். பெரிய அநுஷ்டானங்களுக்குச் சக்தி இல்லாத முதுமையிலும், பொழுது இல்லாத இளமையிலும் இது ஒன்று நம்மால் இயலும். அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கொடுப்பவன் பிள்ளை ஒருவன் மாத்திரம் அல்லன் என்பது ஆழ்வாரின் உறுதி.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.